ஆங்கிலத்தில் அயற்கூற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி மாணவர்களுக்கும் போட்டித் தேர்வு எழுதுவோருக்கும் பல ஆண்டுகளாக ஆங்கில இலக்கணம் கற்பித்துவரும் எனக்கு, வேறெந்தப் பாடத்தையும்விட ரிப்போர்ட்டட் ஸ்பீச் எனப்படும் அயற்கூற்றுப் பாடத்தில்தான் அதிகமான கேள்விகள் வருகின்றன. அவற்றுள் திரும்பத் திரும்ப வருபவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஆங்கில வாக்கியங்களை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில், ஒற்றை மேற்கோள் குறிக்குள் கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் எளிதில் பிடிபடும்.

நேர்க்கூற்று, அயற்கூற்று என்பவை யாவை?

ஒருவர் பேசியதை ஒரு சொல்லும் மாற்றாமல் மேற்கோள் குறிக்குள் தருவது நேர்க்கூற்று. அவர் சொன்ன செய்தியை மட்டும் எடுத்து நம் வாக்கியமாகச் சொல்வது அயற்கூற்று. 'ஐ ஆம் டயர்ட்' என்பது ரவியின் வாயிலிருந்து வந்த சொற்கள். 'ரவி செட் தட் ஹீ வாஸ் டயர்ட்' என்பது அச்செய்தியை நாம் எடுத்துரைக்கும் வாக்கியம். இதில் 'செட்' என்பதை ரிப்போர்ட்டிங் வெர்ப் என்பார்கள். அது எந்தக் காலத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே பின்வரும் மாற்றங்கள் பெரும்பாலும் அமைகின்றன.

தமிழில் 'என்று' சேர்த்தால் வேலை முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இத்தனை மாற்றங்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் மற்ற விதிகளில் பாதியை மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே இங்கே சற்று நின்று பார்ப்போம்.

'நான் நாளைக்கு வருகிறேன் என்று ரவி சொன்னான்' என்கிறோம். இதில் 'நான்' ரவி. 'நாளைக்கு' ரவி பேசிய நாளுக்கு அடுத்த நாள். 'வருகிறேன்' ரவியின் வினை. அதாவது 'என்று' என்னும் சொல் பேசியவரின் குரலை அப்படியே நம் வாக்கியத்துக்குள் விட்டுவிடுகிறது. ஆங்கிலத்தின் 'தட்' அப்படி விடுவதில்லை. 'தட்' வந்த பிறகு ரவிக்கு அங்கே குரல் கிடையாது. பேசுபவர் நாம் மட்டுமே. எனவே 'நான்' என்றால் நம்மைக் குறிக்கும், 'நாளை' என்றால் நம்முடைய நாளையைக் குறிக்கும், ரவி பேசிய நேரம் நமக்கு இறந்தகாலமாகிவிடும்.

ஒரு மாணவி தன் குறிப்பேட்டில் 'ரவி செட் தட் ஐ ஆம் கமிங் டுமாரோ' என்று எழுதியிருந்தாள். சொற்கள் எல்லாம் சரியானவை. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த வாக்கியம் ஆங்கிலம் அறிந்தவருக்குத் தரும் பொருள், 'நான் (அதாவது அந்த மாணவி) நாளை வருவதாக ரவி சொன்னான்' என்பதே. வருபவரே மாறிவிட்டார். அவள் எழுத வேண்டியிருந்தது, 'ரவி செட் தட் ஹீ வாஸ் கமிங் தி நெக்ஸ்ட் டே'. 'என்று' என்பதற்கு நேரான சொல்லாக 'தட்'டை நினைத்துக்கொள்வதுதான் தமிழ் பேசுவோர் இப்பாடத்தில் செய்யும் பிழைகளுள் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

தமிழிலும் இதற்கு நெருக்கமான வடிவம் ஒன்று இருக்கிறது: 'தான் மறுநாள் வருவதாக ரவி சொன்னான்'. அயற்கூற்றுக்கு மனத்தைத் தயார்ப்படுத்த, முதலில் 'என்று' வாக்கியத்தை இந்த 'ஆக' வாக்கியமாக மாற்றிப் பார்க்கும்படி என் மாணவர்களிடம் சொல்வேன்.

காலம் எப்படி மாறுகிறது?

ரிப்போர்ட்டிங் வெர்ப் இறந்தகாலத்தில் இருந்தால், கூற்றுக்குள் இருக்கும் வினை ஒரு படி பின்னால் போகும். 'ஐ ஒர்க் இன் எ பேங்க்' என்பது 'ஷீ செட் தட் ஷீ ஒர்க்ட் இன் எ பேங்க்' என்றாகும். தொடர் நிகழ்காலமான 'இஸ் ரீடிங்' என்பது 'வாஸ் ரீடிங்' ஆகும். 'ஹேவ் லாஸ்ட்' என்பது 'ஹேட் லாஸ்ட்' ஆகும். சிம்பிள் பாஸ்ட்டாகிய (சாதாரண இறந்தகாலம்) 'லாஸ்ட்' என்பதும் அதே 'ஹேட் லாஸ்ட்' ஆகும். 'வாஸ் ஸ்லீப்பிங்' என்பது 'ஹேட் பீன் ஸ்லீப்பிங்' ஆகும். ஏற்கெனவே 'ஹேட் லாஸ்ட்' போன்ற பாஸ்ட் பெர்ஃபெக்ட் வடிவில் இருப்பதற்குப் பின்னால் போக இடமில்லை என்பதால் அது அப்படியே நிற்கும்.

இதை அட்டவணையாக மனப்பாடம் செய்வதைவிட, மேலே சொன்ன 'ஆக' வடிவத்தைக் கொண்டு பிடிப்பது நல்லது. 'ஷீ செட் தட் ஷீ வாஸ் இல்' என்றால் 'தனக்கு உடல்நலம் சரியில்லாமல் இருப்பதாகச் சொன்னாள்' என்று பொருள், பேசும்போதே நலமில்லை. 'ஷீ செட் தட் ஷீ ஹேட் பீன் இல்' என்றால் 'உடல்நலம் சரியில்லாமல் இருந்ததாகச் சொன்னாள்' என்று பொருள். பேசுவதற்கு முன்பே அந்த நோய் வந்திருந்தது. தமிழில் 'இருப்பதாக' வரும் இடத்தில் ஆங்கிலத்தில் 'வாஸ்', 'இருந்ததாக' வரும் இடத்தில் 'ஹேட் பீன்', 'வரப்போவதாக' என்னும் எதிர்கால இடத்தில் 'வுட்' என்று வைத்துக்கொண்டால், பாஸ்ட் பெர்ஃபெக்ட் எதற்காக இருக்கிறது என்பதே புரிந்துவிடும். பேசிய நேரத்துக்கும் முந்திய ஒன்றைக் காட்டுவதே அதன் வேலை.

எப்போதும் காலத்தை மாற்றியே தீர வேண்டுமா?

இல்லை. 'செஸ்', 'ஹேஸ் செட்', 'வில் சே' என ரிப்போர்ட்டிங் வெர்ப் நிகழ்காலத்திலோ எதிர்காலத்திலோ இருந்தால் உள்ளே இருக்கும் காலம் மாறாது. நாளேட்டுத் தலைப்புகளில் 'மினிஸ்டர் செஸ்' என்று வரும்போது இதைக் காணலாம். என்றும் மாறாத உண்மைகளையும் மாற்றுவதில்லை: 'தி டீச்சர் செட் தட் தி எர்த் கோஸ் ரவுண்ட் தி சன்'.

இவ்விரண்டையும் பாடநூல்கள் சொல்லிவிடுகின்றன. மூன்றாவதைப் போதிய அளவு சொல்வதில்லை. ஒருவர் சொன்ன செய்தி, நாம் எடுத்துரைக்கும் நேரத்திலும் உண்மையாக இருந்தால் காலத்தை மாற்றலாம், மாற்றாமலும் விடலாம். 'ஷீ டோல்ட் மீ தட் ஹர் பிரதர் லிவ்ஸ் இன் மதுரை' என்பதும் சரி, 'லிவ்ட்' என்பதும் சரி. முன்னதைச் சொல்லும்போது, அவர் இன்னும் மதுரையில் வசிக்கிறார் என்பதை நாமும் ஏற்றுக்கொள்கிறோம். பின்னதைச் சொல்லும்போது அவள் சொன்னதை மட்டும் தெரிவிக்கிறோம், அதற்கு நாம் பொறுப்பேற்பதில்லை. பிறர் சொன்ன ஒன்றில் நமக்கு ஐயம் இருந்தால் இறந்தகாலமே பாதுகாப்பானது. தேர்வு எழுதுபவர்கள் மட்டும், என்றும் மாறாத உண்மைகளைத் தவிர மற்ற இடங்களில் காலத்தை மாற்றியே எழுதட்டும்; விடைத்தாள் திருத்துபவர் எதிர்பார்ப்பது அதைத்தான்.

சிம்பிள் பாஸ்ட்டையும் பேச்சில் பல இடங்களில் மாற்றுவதில்லை. 'ஹீ செட் தட் ஹீ வாஸ் பார்ன் இன் 1985' என்பதே இயல்பு. பிறந்தது பேசியதற்கு முந்தியது என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. நடக்காத ஒன்றைக் கற்பனையாகச் சொல்லும் 'இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் பை எ ஹவுஸ்' போன்ற வாக்கியங்களிலும் 'ஐ' போன்ற பெயர்ச்சுட்டு (ப்ரோநவுன்) மட்டுமே மாறும், வினை மாறாது.

'வில்', 'கேன்', 'மஸ்ட்' போன்ற துணைவினைகள் என்ன ஆகும்?

'வில்' 'வுட்' ஆகும். 'கேன்' 'குட்' ஆகும். 'மே' 'மைட்' ஆகும். 'வுட்', 'குட்', 'மைட்', 'ஷுட்', 'ஆட் டு', 'யூஸ்ட் டு' ஆகியவை மாறுவதில்லை.

'மஸ்ட்' மட்டும் கவனத்துக்குரியது. கட்டாயத்தைச் சொல்லும் 'ஐ மஸ்ட் கோ' என்பதை 'ஹீ செட் தட் ஹீ ஹேட் டு கோ' என்று எழுதலாம். ஆனால் 'யூ மஸ்ட் பீ ஹங்ரி' என்பதில் கட்டாயம் ஏதுமில்லை. 'உனக்குப் பசியாகத்தான் இருக்கும்' என்ற ஊகமே இருக்கிறது. அதை 'ஹேட் டு பீ ஹங்ரி' என்று மாற்றினால் ஊகம் போய்க் கட்டாயம் வந்து ஒட்டிக்கொள்ளக்கூடும் என்பதால், 'ஷீ செட் தட் ஐ மஸ்ட் பீ ஹங்ரி' என்றே விட வேண்டும்.

'எஸ்.ஓ.என்.' விதி என்கிறார்களே, அது என்ன?

பெயர்ச்சுட்டுகளை மாற்றுவதற்காக நம் பள்ளிகளில் சொல்லித்தரும் குறுக்குவழி அது. கூற்றுக்குள் இருக்கும் தன்மைச் சொல் ரிப்போர்ட்டிங் வெர்பின் எழுவாயைப் பின்பற்றும். முன்னிலைச் சொல் அதன் செயப்படுபொருளைப் பின்பற்றும். படர்க்கைச் சொல்லில் மாற்றமில்லை. சப்ஜெக்ட், ஆப்ஜெக்ட், நோ சேஞ்ச் என்ற சொற்களின் முதலெழுத்துகளே எஸ்.ஓ.என். ஆயின. 'ஷீ செட் டு மீ, "ஐ நோ யூ"' என்பது 'ஷீ டோல்ட் மீ தட் ஷீ நியூ மீ' ஆகிறது. 'ஐ' அவளைப் பின்பற்றி 'ஷீ' ஆயிற்று. 'யூ' என்னைப் பின்பற்றி 'மீ' ஆயிற்று.

விதி வேலை செய்யும். ஆனால் அது தீர்க்காத ஓர் இடம் உண்டு. 'ராஜு டோல்ட் மணி தட் ஹீ ஹேட் பாஸ்ட்' என்ற வாக்கியத்தில் தேர்ச்சி பெற்றவர் யார்? ராஜுவாகவும் இருக்கலாம், மணியாகவும் இருக்கலாம். 'தான் தேர்ச்சி பெற்றுவிட்டதாக ராஜு மணியிடம் சொன்னான்' என்று எழுதினால் தமிழில் இந்த ஐயமே எழாது. 'தான்' என்ற ஒரு சொல் அதைத் தீர்த்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல் இல்லாததால், ஐயம் வரும் இடத்தில் பெயரையே மறுபடி எழுத வேண்டும், அல்லது வாக்கியத்தைப் பிரித்து அமைக்க வேண்டும்.

'டுமாரோ' என்பதை எப்போதும் 'தி நெக்ஸ்ட் டே' என்று மாற்ற வேண்டுமா?

தேர்வுத்தாளில் ஆம்; வாழ்க்கையில் நாளைப் பார்த்துத்தான். 'நவ்' என்பது 'தென்' ஆகவும், 'டுடே' என்பது 'தட் டே' ஆகவும், 'எஸ்டர்டே' என்பது 'தி டே பிஃபோர்' ஆகவும், 'டூ டேஸ் எகோ' என்பது 'டூ டேஸ் பிஃபோர்' ஆகவும், 'ஹியர்' என்பது 'தேர்' ஆகவும், 'திஸ்' என்பது 'தட்' ஆகவும் மாறுவது, எடுத்துரைப்பவர் வேறொரு நாளில் வேறோர் இடத்தில் இருக்கிறார் என்ற அனுமானத்தில்தான். காலையில் மேலாளர் 'ஐ வில் சைன் இட் டுமாரோ' என்று சொன்னதை அன்று மாலையே உடன் பணிபுரிபவரிடம் சொல்கிறீர்கள் என்றால், 'ஹீ செட் ஹீ வுட் சைன் இட் டுமாரோ' என்பதே சரி. மறுநாள் சொல்வதானால் அதே வாக்கியத்தில் 'டுடே' வர வேண்டும். ஒரு வாரம் கழித்துச் சொல்லும்போதுதான் 'தி நெக்ஸ்ட் டே' பொருந்தும்.

'செட்', 'டோல்ட்' இரண்டுக்கும் வேறுபாடு என்ன?

'டோல்ட்' என்றால் யாரிடம் என்பது உடனே வர வேண்டும்: 'ஹீ டோல்ட் மீ'. 'செட்' என்றால் அது தேவையில்லை. சொல்லத்தான் வேண்டுமென்றால் 'செட் டு மீ' என்று இடையில் 'டு' வேண்டும். ஆகவே 'ஹீ செட் மீ' என்பதும், 'ஹீ டோல்ட் டு மீ' என்பதும் பிழை.

அலுவலகக் கடிதங்களிலும் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளிலும் இதே வகைப் பிழை வேறு உருவில் நிறைந்திருக்கிறது. 'தி சேர்மன் இன்ஃபார்ம்ட் தட் தி மீட்டிங் வாஸ் போஸ்ட்போன்ட்' என்று எழுதுகிறார்கள். 'தலைவர் தெரிவித்தார்' என்று தமிழில் நிறுத்திக்கொள்ள முடியும்; 'இன்ஃபார்ம்ட்' என்பதை அப்படி நிறுத்த முடியாது. 'இன்ஃபார்ம்ட் தி மெம்பர்ஸ் தட்' என்று யாருக்கு என்பதைச் சேர்க்க வேண்டும், அல்லது 'செட் தட்' என்று எளிமையாக எழுதிவிட வேண்டும்.

கேள்விகளை அயற்கூற்றாக்குவது எப்படி?

அதிகம் தடுமாறும் இடம் இதுதான். 'நீ எங்கே வசிக்கிறாய் என்று கேட்டார்' என்று தமிழில் கேள்வியைக் கேள்வியாகவே வைத்துக்கொள்கிறோம். அந்தப் பழக்கத்தில் 'ஹீ ஆஸ்க்ட் மீ தட் வேர் டு யூ லிவ்' என்று எழுதிவிடுகிறோம். இதில் மூன்று பிழைகள் இருக்கின்றன. கேள்விச்சொல் இருக்கும்போது 'தட்' வரக்கூடாது. 'யூ' என்பது 'ஐ' ஆக வேண்டும். கேள்விக்காக மட்டுமே வந்த 'டு' விலகி, வினை இறந்தகாலத்துக்குப் போக வேண்டும். சரியான வாக்கியம் 'ஹீ ஆஸ்க்ட் மீ வேர் ஐ லிவ்ட்' என்பது. அயற்கூற்றில் கேள்வி தன் கேள்வி வடிவத்தை இழந்து, எழுவாய் முன்னும் வினை பின்னுமாகச் சாதாரண வாக்கியமாகிவிடுகிறது. ஆகவே முடிவில் கேள்விக்குறியும் கிடையாது. 'வாட் இஸ் யுவர் நேம்' என்பது 'ஹீ ஆஸ்க்ட் மீ வாட் மை நேம் வாஸ்' ஆகும். 'ஹூ புரோக் தி கிளாஸ்' போன்ற கேள்விகளில் 'ஹூ' என்பதே எழுவாயாக இருப்பதால் வரிசை மாறாது: 'ஷீ ஆஸ்க்ட் ஹூ ஹேட் புரோக்கன் தி கிளாஸ்'.

தமிழில் ஈற்றில் 'ஆ' வந்து, ஆம் அல்லது இல்லை என்ற விடையைக் கேட்கும் வினாக்களுக்கு 'இஃப்' அல்லது 'வெதர்' வேண்டும். 'ஆர் யூ ரெடி' என்பது 'ஷீ ஆஸ்க்ட் மீ இஃப் ஐ வாஸ் ரெடி' ஆகும். பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான். ஆனால் 'வெதர் டு கோ' என்பதுபோல் 'டு' தொடரும்போதும், 'அபௌட்' போன்ற முன்னிடைச்சொல்லுக்குப் பின்னும் 'வெதர்' மட்டுமே வரும்.

'என்னிடம் கேட்டார்' என்பதில் உள்ள 'இடம்' உருபை நினைத்து 'ஆஸ்க்ட் டு மீ' என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டும்; 'ஆஸ்க்ட் மீ' போதும். இந்த வரிசை விதி அயற்கூற்றுக்கு வெளியேயும் பயன்படும்: 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹீ' பிழை, 'ஐ டோன்ட் நோ வேர் ஹீ இஸ்' சரி.

கட்டளை, வேண்டுகோள், அறிவுரை ஆகியவற்றை எப்படி எழுதுவது?

வினைக்கு முன் 'டு' சேர்க்க வேண்டும். எதிர்மறையாக இருந்தால் 'நாட் டு' சேர்க்க வேண்டும். மின்பணியாளர் ஒரு சிறுவனிடம் 'டோன்ட் டச் தி வயர்' என்று சொன்னதை, 'தி எலக்ட்ரீஷியன் டோல்ட் தி பாய் நாட் டு டச் தி வயர்' என்று எழுதுவோம். இதை 'டிட் நாட் டெல் தி பாய் டு டச் தி வயர்' என்று எழுதிவிடக் கூடாது. முன்னது 'தொடாதே என்று சொன்னார்'. பின்னது 'தொடச் சொல்லவில்லை'. முன்னதில் எச்சரிக்கை இருக்கிறது. பின்னதில் அவர் ஒன்றும் சொல்லாமலேகூட இருந்திருக்கலாம். 'ஃபர்பேட்' என்ற வினையைப் பயன்படுத்தினால் தடை அதற்குள்ளேயே இருக்கிறது. மறுபடி 'நாட்' சேர்த்தால் பொருள் தலைகீழாகும்.

தொனிக்கேற்ப 'ஆர்டர்ட்', 'ரிக்வெஸ்டட்', 'அட்வைஸ்ட்', 'வார்ன்ட்' என்று வினையைத் தேர்ந்துகொள்ளலாம். 'ப்ளீஸ்' என்ற சொல் 'ரிக்வெஸ்டட்' என்பதற்குள் அடங்கிவிடுவதால் அதை மீண்டும் எழுதுவதில்லை. 'சஜஸ்டட்' மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. 'ஷீ சஜஸ்டட் மீ டு கோ' என்பது நம்மிடையே மிகவும் பரவிவிட்ட பிழை. 'லெட் அஸ் கோ டு தி பீச்' என்பதை 'ஷீ சஜஸ்டட் கோயிங் டு தி பீச்' என்றோ, 'ஷீ சஜஸ்டட் தட் தே ஷுட் கோ டு தி பீச்' என்றோ எழுத வேண்டும்.

வியப்பு, வாழ்த்து, 'எஸ்', 'நோ' ஆகியவை?

'ஹுரே! வீ ஹேவ் வொன்' என்பது தேர்வில் 'தே எக்ஸ்கிளெய்ம்ட் வித் ஜாய் தட் தே ஹேட் வொன்' ஆகும். துயரமானால் 'வித் சாரோ'. பேச்சில் இப்படி யாரும் சொல்வதில்லை என்றாலும், விடைத்தாளில் இதுவே மதிப்பெண் தரும். 'குட் மார்னிங்' என்றதை 'விஷ்ட்' என்றும், 'தேங்க் யூ' என்றதை 'தேங்க்ட்' என்றும் ஒரே வினையில் முடித்துவிடலாம். 'எஸ்' என்று மட்டும் பதில் சொன்னால் 'ஹீ செட் தட் ஹீ வுட்', 'ஹீ செட் தட் ஹீ ஹேட்' என்று கேள்வியின் துணைவினையைக் கொண்டு எழுதுவதே இயல்பான ஆங்கிலம்.

ஒரே பேச்சில் செய்தி, கட்டளை, கேள்வி மூன்றும் கலந்து வந்தால் என்ன செய்வது?

ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரிப்போர்ட்டிங் வெர்ப் கொடுக்க வேண்டும். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, 'ஐ ஹேவ் மிஸ்ட் தி டிரெயின். ஐ வில் கம் டுமாரோ. டோன்ட் வெய்ட் ஃபார் மீ. ஹேஸ் அப்பா டேக்கன் ஹிஸ் டேப்லெட்?' என்று சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டும் செய்தி, மூன்றாவது கட்டளை, நான்காவது ஆம்-இல்லைக் கேள்வி. பின்னொரு நாளில் வேறொருவர் இதை எழுதினால், 'ஹீ டோல்ட் ஹிஸ் மதர் தட் ஹீ ஹேட் மிஸ்ட் தி டிரெயின் அண்ட் தட் ஹீ வுட் கம் தி நெக்ஸ்ட் டே. ஹீ ஆஸ்க்ட் ஹர் நாட் டு வெய்ட் ஃபார் ஹிம் அண்ட் என்குவயர்ட் வெதர் ஹிஸ் ஃபாதர் ஹேட் டேக்கன் ஹிஸ் டேப்லெட்' என்று அமையும். அழைப்பு முடிந்த கையோடு அம்மாவே பக்கத்து வீட்டாரிடம் சொன்னால், 'ஹீ செஸ் ஹீ ஹேஸ் மிஸ்ட் தி டிரெயின் அண்ட் வில் கம் டுமாரோ. ஹீ டோல்ட் மீ நாட் டு வெய்ட் ஃபார் ஹிம்' என்பார். இங்கே 'செஸ்' நிகழ்காலத்தில் இருப்பதாலும், 'நாளை' இன்னும் அதே நாளையாகவே இருப்பதாலும், காலமும் 'டுமாரோ'வும் மாறவில்லை. பேசுபவர் மகன் அல்ல, அம்மா என்பதால் 'ஐ' மட்டும் 'ஹீ' ஆகியிருக்கிறது.